சிறுநீர்ப்பையின் அழுத்தம்: தண்டுவடக் காயத்துக்குப் பின் மாத்திரை செய்வதும் செய்யாததும்

1. கேள்வி

முதல் உலகப் போரில் தண்டுவடத்தில் குண்டடிபட்ட படைவீரர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. முதுகுக் காயத்திலிருந்து தப்பியவர்களைச் சிறுநீர்த் தொற்றும், சிறுநீரகச் செயலிழப்பும், படுக்கைப்புண்ணும், அவற்றின் வழியே ரத்தத்தில் பரவிய நச்சும் அடுத்தடுத்துக் கொண்டுபோயின. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், சிறுநீர்ப்பையைக் காப்பதைச் சிகிச்சையின் மையத்துக்குக் கொண்டுவந்தார். இன்று நல்ல பராமரிப்பு கிடைக்கும் நாடுகளில், தண்டுவடம் அடிபட்டவர்களின் மரணக் காரணங்களில் சிறுநீரகச் செயலிழப்பு பின்னுக்குப் போய்விட்டது. இந்த மாற்றத்தில் சிறுநீர்ப்பையை அடக்கும் மாத்திரைகளுக்கு எவ்வளவு பங்கு உண்டு, அவற்றின் எல்லை எங்கே முடிகிறது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் போன்ற ஓர் ஊரிலிருந்து பார்க்கும்போது இந்தக் கேள்வியின் கனம் கூடுகிறது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓடும் வட்டாரம் இது. சாலை விபத்தும், கட்டட வேலையிலோ மரத்திலோ உயரத்திலிருந்து விழுவதும்தான் நம் நாட்டில் தண்டுவடக் காயத்தின் முதன்மைக் காரணங்கள். இவ்வட்டாரத்தின் குழித்தறிப் பட்டு நெசவு என்பது இரண்டு காலும் குழிக்குள் மிதியை மாறி மாறி அழுத்தும் வேலை. இடுப்புக்குக் கீழ் உணர்வற்றுப் போனவர் அதற்குத் திரும்ப முடியாது. ராட்டையில் தார் சுற்றலாம், நூலைப் பிரித்து வைக்கலாம், கணக்குப் பார்க்கலாம். ஆனால் முன்னறிவிப்பின்றிச் சிறுநீர் கசிந்துகொண்டிருந்தால் பட்டு நூலின் பக்கத்தில் உட்காரவே தயங்குவார். ஒரு துளி ஈரம் பட்டாலும் சேலையில் கறை விழும், கூலியில் பிடிப்பார்கள். நனையாமல் இருப்பது அவருக்கு மானமும் பிழைப்புமாகச் சேர்ந்த விஷயம். அதனால் மருத்துவரிடம் அவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

நனையாமல் இருப்பது மட்டும் போதுமான அளவுகோல் ஆகாது என்பதுதான் என் வாதம். இந்த நோயில் மருந்தின் முதல் வேலை சிறுநீர்ப்பைக்குள் எழும் அழுத்தத்தைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் காப்பது. வடிகுழாயும் அழுத்தத்தை அளக்கும் ஏற்பாடும் கூட இருந்தால்தான் மாத்திரை அந்த வேலையைச் செய்யும். தனியாகக் கொடுத்தால் அது அரைச் சிகிச்சையாக நிற்கும். சிலருக்குத் தீங்காகவும் முடியும்.

2. காயத்துக்குப் பின் சிறுநீர்ப்பை

இயல்பான உடலில் சிறுநீர்ப்பை நிரம்பும்போது அதன் தசை தளர்ந்திருக்கும், வாயிலில் உள்ள சுருக்குத்தசை இறுகியிருக்கும். கழிக்கும்போது இது தலைகீழாகும். இந்த ஒத்திசைவை நடத்துவது மூளைத்தண்டில் உள்ள ஒரு மையம். அதன் கட்டளை தண்டுவடம் வழியே கீழிறங்கி, முதுகின் அடிப்பகுதியில் எஸ்2 முதல் எஸ்4 வரையுள்ள நரம்புப் பகுதியை அடைகிறது. அந்தப் பகுதிக்கு மேலே தண்டுவடம் அறுபட்டால், முதல் சில வாரங்கள், சில சமயம் சில மாதங்கள், சிறுநீர்ப்பை அசைவற்றுக் கிடக்கும். பிறகு கீழே எஞ்சியிருக்கும் நரம்புச் சுற்று தானாகவே விழித்துக்கொள்ளும். அதுவரை அமைதியாக இருந்த மெல்லிய உணர்வு நரம்புகள் புதிய அனிச்சைப் பாதையாக மாறுகின்றன. சிறிதளவு சிறுநீர் சேர்ந்தாலே தசை சுருங்கத் தொடங்குகிறது.

சுருங்குவதோடு நின்றிருந்தால் இது கசிவுப் பிரச்சினையாக மட்டுமே இருந்திருக்கும். மேலிருந்து கட்டளை வராததால் சுருக்குத்தசையும் அதே நேரத்தில் இறுகுகிறது. அடைத்த வாயிலை எதிர்த்துத் தசை தள்ளுகிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் தேங்குகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படித் தள்ளிய தசை தடித்து, நெகிழ்வு இழந்து, பையின் சுவர் முண்டும் முடிச்சுமாகிறது. அழுத்தம் சிறுநீரகக் குழாய்களில் பின்னோக்கி ஏற, சிறுநீரகம் வீங்குகிறது. வலி உணர்வு இல்லாததால் இவ்வளவும் நோயாளிக்குத் தெரியாமலே நடக்கும். மார்புப் பகுதியின் ஆறாவது தண்டுவடக் கணுவிலோ அதற்கு மேலோ காயம் பட்டவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு: நிரம்பிய சிறுநீர்ப்பையே ரத்த அழுத்தத்தைத் திடீரென உச்சத்துக்குத் தள்ளி, தாங்க முடியாத தலைவலியையும், கவனிக்காவிட்டால் மூளையில் ரத்தக்கசிவையும் உண்டாக்கக்கூடும்.

காயம்படாத முதியவர்களுக்கு வரும் ‘அடக்க முடியாத அவசரம்’ வாழ்க்கைத் தரத்தைக் கெடுக்கும். சிறுநீரகத்தை அழிப்பது அரிது. இரண்டுக்கும் ஒரே மாத்திரை எழுதப்படுவதால் இரண்டும் ஒரே நோய் என்ற எண்ணம் மருந்துக் கடை வரைக்கும் பரவியிருக்கிறது. சிகிச்சையின் நோக்கம் வேறு என்பது அங்கேதான் மறைந்துபோகிறது.

3. மருந்துகளின் சான்று

சிறுநீர்ப்பைத் தசையைச் சுருங்கச் செய்வது அசெட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருள். அது வந்து ஒட்டும் மஸ்கரினிக் ஏற்பிகளை அடைப்பதே பழைய மருந்துகளின் வழி. 1975இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஆக்சிபியூட்டினின் இவற்றில் மூத்தது. பிறகு டோல்டெரோடின், டிராஸ்பியம், சோலிஃபெனாசின், டாரிஃபெனாசின் வந்தன. நரம்புக் கோளாறால் வரும் சிறுநீர்ப்பை மிகைச் சுருக்கத்தில் இவற்றின் பயனை ஆராய்ந்து 2012இல் வெளியான தொகுப்பாய்வு 16 சோதனைகளையும் 960 பங்கேற்பாளர்களையும் எடுத்துக்கொண்டது. மருந்து எடுத்தவர்களுக்குச் சிறுநீர்ப்பையின் கொள்ளளவு கூடியது, உச்ச அழுத்தம் குறைந்தது, முன்னேற்றம் தெரிவதாக அவர்களே சொன்னார்கள். வாய் உலர்வும் கூடியது. ஒரு மருந்து மற்றொன்றைவிட மேல் என்று அந்த ஆய்வால் காட்ட முடியவில்லை.

இந்த முடிவை மதிக்கிறேன், ஆனால் அதன் எல்லையையும் சேர்த்தே படிக்க வேண்டும். சோதனைகளில் பெரும்பாலானவை சில வாரங்களே நடந்தவை. அவை அளந்தது கொள்ளளவையும் அழுத்தத்தையும். இருபது ஆண்டு கழித்துச் சிறுநீரகம் எப்படி இருந்தது என்பதை அளக்கும் அமைப்பு அவற்றுக்கு இல்லை. அழுத்தம் குறைந்தால் சிறுநீரகம் காப்பாற்றப்படும் என்ற இணைப்பு, பெரும்பாலும் வேறு வகைச் சான்றிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் மெக்குவைரும் அவருடைய சகாக்களும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், 40 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்துக்கு மேல் போனபிறகே சிறுநீர் கசிந்த குழந்தைகளுக்குச் சிறுநீரகச் சேதம் மிகுந்திருந்தது. அந்தக் குழந்தைகள் பிறவியிலேயே முதுகெலும்புப் பிளவு உள்ளவர்கள், எண்ணிக்கையும் ஐம்பதுக்குள். விபத்தில் அடிபட்ட பெரியவர்களுக்கு அந்த 40 என்ற எண்ணை அப்படியே எல்லைக்கோடாக வரைவது சரியல்ல. 40க்குக் கீழே இருந்தாலும் அழுத்தம் நாளில் எத்தனை மணி நேரம் நீடிக்கிறது என்பதும் முக்கியம். ஆனாலும் அந்த ஆய்வு தந்த பாடத்தை யாரும் மறுக்கவில்லை: கசிவது ஒருவகையில் பாதுகாப்பு வால்வு. குறைந்த அழுத்தத்திலேயே கசியும் பை நனைக்கும், ஆனால் சிறுநீரகத்தை விட்டுவைக்கும். உலர்ந்திருந்தபடி உள்ளே அழுத்தம் ஏறும் பைதான் ஆபத்தானது.

மிராபெக்ரான் வேறு வழியில் வேலை செய்கிறது. பீட்டா-3 ஏற்பியைத் தூண்டித் தசையைத் தளர்த்துகிறது. அமெரிக்க ஒப்புதல் 2012இல் கிடைத்தது. வாய் உலர்வதும் மலம் இறுகுவதும் குறைவு என்பதால் இங்கேயும் மருத்துவர்கள் அதை அதிகம் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். தண்டுவடக் காயமோ மல்டிபிள் ஸ்கிளீரோசிஸோ உள்ளவர்களிடம் 2018இல் வெளிவந்த இரண்டு சிறிய சோதனைகளில், 66 பேரிடம் நடந்தது பயன் கண்டது. 32 பேரிடம் நடந்தது சிறுநீர்ப்பைக் கொள்ளளவில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. பக்கவிளைவு குறைவு என்ற ஒரே காரணத்துக்காக, அழுத்தத்தை அளந்து பாராமல் பழைய மருந்தை நிறுத்திவிட்டு இதற்கு மாற்றுவது, இன்றைய சான்றின்படி அவசர முடிவு.

4. மாத்திரையும் வடிகுழாயும்

தசையைத் தளர்த்தும் மருந்து வாயிலைத் திறக்காது. சுருக்கம் குறையும்போது அரைகுறையாகவேனும் வெளியேறிக்கொண்டிருந்த சிறுநீரும் உள்ளே தங்கும். அதை வெளியேற்ற ஒரு வழி வேண்டும். அந்த வழியை 1972இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜாக் லாப்பிடெஸ் எளிமைப்படுத்தினார். குட்மன் காலத்தில் வடிகுழாய் செருகுவது கிருமிநீக்கம் செய்த கையுறையோடு மருத்துவரோ பயிற்சி பெற்றவரோ செய்யும் வேலை. சோப்புப் போட்டுக் கழுவிய கையால், சுத்தமான குழாயை நோயாளியே செருகி எடுத்தால் போதும் என்றார் லாப்பிடெஸ். பை அளவுக்கு மீறி விரிந்து அதன் சுவரில் ரத்த ஓட்டம் குறைவதுதான் தொற்றுக்கு இடம் கொடுக்கிறது, குழாயோடு போகும் சில கிருமிகள் அல்ல என்பது அவருடைய வாதம். நாளுக்கு நான்கிலிருந்து ஆறு முறை, ஒவ்வொரு முறையும் 400, 500 மில்லியைத் தாண்டாமல் காலி செய்வது என்ற இன்றைய நடைமுறை அங்கிருந்து வளர்ந்தது.

மருந்து பையை அமைதியாக வைத்திருக்க, குழாய் அதைக் காலி செய்ய, இரண்டும் சேர்ந்துதான் குறைந்த அழுத்தத்தில் சேமிக்கும் பை கிடைக்கிறது. குழாய் மட்டும் இருந்தால் இரண்டு முறைக்கு நடுவே சுருக்கம் வந்து அழுத்தம் ஏறும். மாத்திரை மட்டும் இருந்தால் தேக்கம் மிகும். இதற்கு வலுவான சான்று போட்டுலினம் டாக்ஸின் ஆய்வுகளில் கிடைக்கிறது. சிறுநீர்ப்பைச் சுவரில் ஊசியாகச் செலுத்தும் இந்த மருந்தைத் தண்டுவடம் அடிபட்டவர்களிடம் பிரிகிட்டே ஷுர்ஷ் குழுவினர் சுவிட்சர்லாந்திலிருந்து 2000இல் முதலில் விவரித்தார்கள். 200 யூனிட் அளவுக்கு 2011இல் அமெரிக்க ஒப்புதல் வந்தது. பயன் ஏறத்தாழ ஒன்பது மாதம் நிற்கும். ஊசிக்கு முன் வடிகுழாய் பயன்படுத்தாதவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர், ஊசிக்குப் பிறகு தேக்கத்தால் குழாயைத் தொடங்க வேண்டியதாயிற்று. பையை எந்த அளவுக்கு நன்றாக அடக்குகிறோமோ அந்த அளவுக்குக் குழாய் தேவைப்படும் என்பதை இந்த எண் தெளிவாகக் காட்டுகிறது.

குழாய் வழியே மருந்தையும் உள்ளே விடலாம். ஆக்சிபியூட்டினினை வாய்வழியே விழுங்கும்போது கல்லீரல் அதை வேறொரு பொருளாக மாற்றுகிறது. வாய் உலர்வுக்குப் பெரும்பங்கு அந்தப் பொருளுடையது. அதே மருந்தைக் கரைசலாகச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினால் அந்த மாற்றம் பெரிதும் தவிர்க்கப்படுகிறது. ஜெர்மனியில் இது நடைமுறையில் இருக்கிறது. நாளுக்கு நான்கு முறை குழாய் போட்டாக வேண்டிய ஒருவருக்கு இது கூடுதல் சுமை ஆகாது. இங்கே இந்த வழி பரவலாகப் பேசப்படாதது எனக்கு வருத்தம் தருகிறது.

5. மறுப்புகள்

முதல் மறுப்பு பக்கவிளைவைப் பற்றியது; இலேசாகத் தள்ளிவிட முடியாதது. மஸ்கரினிக் தடுப்பு மருந்துகள் குடலையும் மந்தமாக்கும். தண்டுவடக் காயத்தில் குடல் ஏற்கெனவே மந்தம். இறுகிய மலம் சிறுநீர்ப்பையை மேலும் கிளறிவிடும். எங்கள் தட்பவெப்பத்தில் அதைவிடக் கவனிக்க வேண்டியது வியர்வை. காயத்துக்குக் கீழே உள்ள உடலில் வியர்வை சரியாகச் சுரக்காது. மருந்து எஞ்சிய வியர்வையையும் குறைக்கிறது. அக்னி நட்சத்திர நாளில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் உடல் வெப்பம் ஏறுவதை நாம் சாதாரணச் சோர்வு என்று நினைத்துவிடக்கூடும். குளிர் நாட்டுச் சோதனைகளிலிருந்து எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதை ஓரிரு வரியில் கடந்துபோகின்றன. நம் மருத்துவர்கள் சித்திரை, வைகாசியில் இதைக் கேட்டே தீர வேண்டும். நினைவாற்றல் பற்றிய அச்சமும் உண்டு. 65 வயதைக் கடந்த 3,434 பேரைப் பின்தொடர்ந்து 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வு, இந்த வகை மருந்துகளை நீண்ட காலம் எடுத்தவர்களுக்கு மறதி நோய் கூடுதலாக வருவதைக் கண்டது. அது கண்காணிப்பு ஆய்வு. காரண காரியத்தை நிறுவியதாகச் சொல்ல முடியாது. ஆயினும் இருபத்தைந்து வயதில் அடிபட்டு நாற்பது ஆண்டு மாத்திரை எடுக்கப்போகிறவருக்கு இதைச் சொல்லாமல் மறைப்பது முறையன்று. இவை எல்லாம் மருந்தைக் கவனித்துத் தேர்ந்தெடுக்கவும், தேவையான மிகக் குறைந்த அளவோடு நிறுத்திக்கொள்ளவும் காரணங்களே. அழுத்தம் ஏறிய சிறுநீர்ப்பையை மருந்தின்றி விட்டுவிட இவை காரணமாகா.

இரண்டாவது மறுப்பு வறுமை சார்ந்தது: ஒரு முறை பயன்படுத்தி எறியும் குழாய் மாதம் நூற்றைம்பது வேண்டுமே, நெசவாளி குடும்பம் எங்கே போகும்? ஒரே குழாயைக் கழுவிப் பலமுறை பயன்படுத்துவது பற்றிய சான்று சிக்கலானது. இரண்டுக்கும் தொற்றில் வேறுபாடு இல்லை என்று 2014இல் சொன்ன காக்ரேன் தொகுப்பாய்வு, அதன் கணக்கில் குறைகள் சுட்டப்பட்ட பின் திரும்பப் பெறப்பட்டது. அதனால் மறுபயன்பாடு ஆபத்து என்று நிறுவப்பட்டுவிடவும் இல்லை. தாய்லாந்தின் சியாங் மாய் மருத்துவர்கள் 2004இல், ஒரே சிலிக்கோன் குழாயைக் கழுவிச் சராசரியாக மூன்று ஆண்டு பயன்படுத்திய தண்டுவடக் காயக்காரர்களை ஆராய்ந்து, வளரும் நாடுகளுக்கு அது ஏற்கத்தக்கது என்றார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் சுத்தமாகக் கழுவி உலர்த்திய பழைய குழாய்க்கும் குழாயே இல்லாமைக்கும் நடுவே தேர்ந்தெடுக்க வேண்டியவருக்கு விடை தெளிவு.

பெண்களுக்கு இந்த மறுப்பு வேறு வடிவம் எடுக்கிறது. ஆண்களுக்கு ஆணுறை போல மாட்டும் வெளிக்குழாயாவது உண்டு. பெண்களுக்கு அப்படி உறுதியாக நிற்கும் வெளிச்சாதனம் இல்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தாமே குழாய் செருகுவது கடினம். கட்டிலில் படுத்து, கண்ணாடி வைத்துப் பார்த்துப் பழக வேண்டும். கூடத்தைத் தறி அடைத்துக்கொண்ட வீட்டில் அதற்கான மறைவே கிடைப்பதில்லை. அதனால் நிரந்தரக் குழாயும் மூத்திரப் பையுமாக அவர்கள் அனுப்பப்படுகிறார்கள். நிரந்தரக் குழாய் கல்லையும் தொற்றையும் கூட்டும். மருந்தைப் பற்றிய எந்த விவாதமும் இந்த மறைவிடப் பிரச்சினையைத் தொடாமல் முழுமை பெறாது.

மூன்றாவது மறுப்பு: அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக்ஸ் பரிசோதனை பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே இருக்கிறது, எல்லோருக்கும் அதைக் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2021 வழிகாட்டி நோயாளிகளை ஆபத்தின் அளவுப்படி பிரித்து, மேல் தண்டுவடக் காயங்களைத் தொடக்கத்திலேயே இந்தப் பரிசோதனைக்கு உட்படுத்தச் சொல்கிறது. ஒரு முறையாவது அதைச் செய்துவிடுவதே சரி. அதற்கு வழியில்லாத இடத்தில் பழைய நீர்த்தம்ப முறை இருக்கிறது. ஒரு ஃபோலி குழாய், உலக்கையை எடுத்துவிட்ட பெரிய சிரிஞ்ச், உடல் வெப்பத்துக்குக் கொண்டுவந்த உப்புநீர், ஓர் அளவுகோல். சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்து உப்புநீரை ஐம்பது ஐம்பது மில்லியாக உள்ளே விடும்போது, பை சுருங்கினால் நீர் மட்டம் மேலேறும். இடுப்பெலும்பிலிருந்து அது எத்தனை சென்டிமீட்டர் உயரம் ஏறியது, அப்போது எவ்வளவு உப்புநீர் உள்ளே போயிருந்தது என்று குறித்துக்கொள்ளலாம். வயிற்று அழுத்தத்தை இது பிரித்துக் காட்டாது; நோயாளி இருமினாலும் மட்டம் ஏறும். ஆனாலும் 100 மில்லியில் 60 சென்டிமீட்டர் ஏறும் பையை இது தவறவிடாது. இதற்குத் துணையாக ஆண்டுக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வேண்டும். ரத்தத்தில் கிரியாட்டினினை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. கால்தசை கரைந்தவர்களுக்குக் கிரியாட்டினின் இயல்பாகவே குறைவாக இருப்பதால், சிறுநீரகம் பாதி போன பின்னும் அறிக்கை ‘நார்மல்’ என்றே வரக்கூடும்.

6. தமிழ்நாட்டில்

இந்த அறிவு நமக்குப் புதிதல்ல. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயின்று திரும்பி, மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமையேற்றார். 1966இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பு. தென்காசி வட்டாரத்து ஆய்க்குடியில், தாமும் முதுகெலும்பில் அடிபட்டவரான எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. முசரவாக்கத்திலிருந்து வேலூரும் சென்னையும் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவு, சக்கர நாற்காலி ஏறும் வண்டி கிடைத்தால்.

சிக்கல் வீடு திரும்பிய பிறகு தொடங்குகிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. உயிர்கள் அதனால் பிழைக்கின்றன. பிழைத்தவர்களில் தண்டுவடம் அடிபட்டவருக்கு அடுத்த பல பத்தாண்டுகளுக்குக் குழாயும் மாத்திரையும் வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. இயன்முறைச் சிகிச்சையும் தருகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வயிற்றுவழி டயாலிசிஸ் பைகளையும் கொடுக்கிறது. சிறுநீரகம் போன பின் பை கொடுக்கும் கை, அது போகாமல் இருக்கக் குழாயும் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பது செலவிலும் சிறிது, அறத்திலும் முந்தியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 24ஆம் பிரிவு, வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு உதவிக் கருவிகள், மருந்து, பரிசோதனை மூன்றையும் இலவசமாகத் தருவதைச் சமூகப் பாதுகாப்பின் பகுதியாக வைத்திருக்கிறது. மருந்து, கருவி, பரிசோதனை மூன்றையும் சட்டம் ஒரே வரியில் சேர்த்திருப்பதை, அவற்றைத் தனித்தனியாக வழங்கும் நிர்வாகமும் கவனிக்க வேண்டும்.

மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். தண்டுவடம் அடிபட்டவரின் டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரையின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை மணிக்கு ஒருமுறை குழாய் போட வேண்டும், எவ்வளவு மில்லிக்கு மேல் போகக் கூடாது, கடைசியாக அளந்தபோது அழுத்தம் எவ்வளவு, அடுத்த ஸ்கேன் எந்த மாதம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். அவை எழுதப்படாத சீட்டோடு ஏற்கெனவே வீடு திரும்பியவர்கள், உலர்ந்திருந்தாலும் சரி, நனைந்திருந்தாலும் சரி, அடுத்த முறை போகும்போது அந்த நான்கையும் கேட்டு வாங்குங்கள்.